ஒரு வகை நியூரானை மட்டும் குறிவைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் ஆறு மாதத்துக்குள் எப்படியும் கேட்டுவிடுகிற கேள்விகள் இவை. வந்த வரிசையிலேயே போட்டிருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரே வரியில் பதில் முடிந்துவிடும். சிலவற்றுக்கு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

மூளையில் ஒரு பகுதியையே அழித்துவிட்டுப் பார்த்தால் போதாதா? எதற்கு இத்தனை பாடு?

நெடுங்காலம் அப்படித்தான் பார்த்தார்கள். மின்முனையை உள்ளே இறக்கி, மின்சாரம் பாய்ச்சி, அந்த இடத்தைப் பொசுக்கிவிட்டு விலங்கு என்ன செய்கிறது என்று கவனிப்பார்கள். பொசுங்குவது அங்கே குடியிருக்கும் செல்கள் மட்டும் என்றால் பரவாயில்லை. எங்கிருந்தோ எங்கேயோ போகும் நரம்பிழைகளும் அந்த வழியாக ஓடுகின்றன. அவையும் சேர்ந்து போய்விடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. பிறகு இபோடெனிக் அமிலம் போன்றவை வந்தன. இவை நியூரான்களை அளவுக்கு மீறித் தூண்டிக் கொல்லும். கடந்துபோகும் இழைகளைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வகை நியூரான்களைப் பிரித்துப் பார்க்க அவற்றுக்குத் தெரியாது.

எந்தப் பகுதியும் ஒரே வகைச் செல்லால் ஆனதில்லை என்பதுதான் இதில் தொல்லை. 2023 கடைசியில் வெளியான சுண்டெலி மூளையின் செல் வரைபடம் 5,300-க்கும் மேற்பட்ட செல் வகைத் தொகுதிகளைப் பிரித்துக் காட்டியது. டிஎன்ஏ வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக் 1979-லேயே இதைச் சொல்லிவிட்டார்: ஒரு வகை நியூரானை மட்டும் செயலிழக்கச் செய்து, மற்றவற்றை ஏறக்குறைய அப்படியே விட்டுவைக்க ஒரு வழி வேண்டும் என்று. கீழே வரும் எல்லாமே அந்த ஆசையின் பிள்ளைகள்.

அப்படிப் பிரித்துப் பார்த்ததால் ஏதாவது முடிவு மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. நான் எப்போதும் சொல்லும் உதாரணம் முன்மூளையின் அடிப்பகுதி. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அங்குள்ள அசிடைல்கோலின் நியூரான்கள் (அசிடைல்கோலின் என்ற சமிக்ஞை வேதிப்பொருளைச் சுரப்பவை) பெருமளவு அழிந்திருப்பது 1980-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. எலிகளில் அதே பகுதியை இபோடெனிக் அமிலத்தால் அழித்தார்கள்; கற்பதும் நினைவும் மோசமாகக் கெட்டன. கணக்குச் சரியாக வந்தது போலத்தான் இருந்தது.

1991-ல் வைலி, ஓல்ட்மன், லாப்பி மூவரும் 192-ஐஜிஜி-சபோரின் என்ற கூட்டுப்பொருளைப் பற்றி எழுதினார்கள். 192 என்பது ஒரு ஆன்டிபாடியின், அதாவது குறிப்பிட்ட ஒரு இலக்கை மட்டும் பிடிக்கும் புரதத்தின், பெயர். எலியின் செல் மேற்பரப்பில் இருக்கும் பி75 என்ற நரம்பு வளர்ச்சிக்காரணி ஏற்பியை அது பிடித்துக்கொள்ளும். முன்மூளை அடிப்பகுதியில் அந்த ஏற்பியைச் சுமப்பவை பெரும்பாலும் அசிடைல்கோலின் நியூரான்கள்தான். ஆன்டிபாடியோடு சபோரின் என்ற நச்சுப்புரதத்தை ஒட்டிவைத்தால், அந்த நியூரான்கள் மட்டும் சாகும். பக்கத்திலிருக்கும் காபா நியூரான்கள் (காபா என்ற வேறொரு சமிக்ஞை வேதிப்பொருளைச் சுரப்பவை) பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இப்போது இந்தக் கூட்டுப்பொருளைப் பெற்ற எலிகளை நீர்த்தொட்டியில் இறக்கி, மறைந்திருக்கும் மேடையைத் தேடவிட்டார்கள். அசிடைல்கோலின் நியூரான்களில் பெரும்பகுதி போன எலிகளும் பல சோதனைகளில் கிட்டத்தட்டச் சாதாரணமாகவே கற்றுக்கொண்டன. கவனத்தைச் சோதிக்கும் வேலைகளில்தான் தடுமாறின. பழைய நினைவிழப்பில் ஒரு பங்கு, கூடவே செத்துப்போன மற்ற நியூரான்களின் கணக்கில் எழுத வேண்டியது என்று ஆயிற்று. கருவி கொஞ்சம் கூர்மையானதும் விடையே வேறாகிவிட்டது.

இந்தக் கருவிகளுக்கெல்லாம் பொதுவான தத்துவம் ஒன்று உண்டா?

முகவரி, சரக்கு. எந்தச் செல்லுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பாகம் ஒன்று. போன இடத்தில் வேலை செய்யும் பாகம் இன்னொன்று. ஆன்டிபாடி, ஏற்பியைப் பிடிக்கும் பெப்டைடு (சிறு புரதத் துண்டு), புரொமோட்டர் (ஒரு மரபணு எந்தச் செல்லில் படிக்கப்பட வேண்டும் என்று சொல்லும் டிஎன்ஏ துண்டு), வைரஸின் மேலுறை ஆகியவை முகவரிகள். நச்சு, ஒளிர்புரதம், ஒளியால் திறக்கும் அயனி வாயில், மருந்துக்கு மட்டும் பணியும் ஏற்பி ஆகியவை சரக்குகள். எந்தக் கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் முதலில் இந்த இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். தவறு நேர்ந்தால் அது முகவரியிலா சரக்கிலா என்று தேடவும் இது உதவும்.

சபோரின் எங்கிருந்து வருகிறது? ஏன் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

சபோனேரியா அஃபிசினாலிஸ் என்ற சோப்புச் செடியின் விதையிலிருந்து. செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் பெரிய ஆர்என்ஏ-வில் குறிப்பிட்ட ஒரு அடினினை மட்டும் அது கத்தரித்துவிடும். அவ்வளவுதான், புரதத் தயாரிப்பு நின்றுபோகும்.

ஆமணக்கு விதையின் ரைசினும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் ரைசினில் இரண்டு சங்கிலிகள் உண்டு: ஒன்று வெட்டும், மற்றது எந்தச் செல்லின் மேற்பரப்பிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே கூட்டிப்போகும். அதனால் ரைசின் கண்ட செல்லையெல்லாம் கொல்லும். சபோரினில் இந்தக் கூட்டிப்போகும் சங்கிலி கிடையாது. தனியாக விட்டால் செல் வாசலிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். யாராவது கைப்பிடித்து அழைத்துப்போக வேண்டும். அந்த யாராவது யார் என்பதை நாம் தீர்மானிக்கலாம் என்பதுதான் இதன் வசதி. உறுதியான புரதம் என்பதால் ஆன்டிபாடியோடு இணைக்கும் வேதியியலையும் தாங்கிக்கொள்கிறது.

என் ஆன்டிபாடி வெஸ்டர்ன் பிளாட்டில் அருமையாக வேலை செய்கிறது. சபோரினோடு இணைத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். வெஸ்டர்ன் பிளாட் என்பது புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் சோதனை; அதில் புரதம் பிரிந்து, மடிப்பு கலைந்து கிடக்கிறது. உயிருள்ள செல்லில் அது மடிந்தபடி சவ்வில் பதிந்திருக்கிறது. உங்கள் ஆன்டிபாடி பிடிக்கும் துண்டு செல்லின் வெளிப்புறத்தில் இல்லை, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் வாலில் இருக்கிறது என்றால் கதை அங்கேயே முடிந்தது. துண்டு வெளியே இருந்தாலும் போதாது. ஆன்டிபாடி பிடித்த பிறகு செல் அந்த ஏற்பியை உள்ளே விழுங்க வேண்டும். சவ்விலேயே உட்கார்ந்திருக்கும் சபோரினால் ஒரு பயனும் இல்லை.

பணம் செலவழித்து நேரடியாக இணைப்பதற்கு முன்பு ஒரு எளிய சோதனை இருக்கிறது. உங்கள் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடியில் சபோரினை ஒட்டி விற்கிறார்கள். இரண்டையும் கலந்து, அந்த ஏற்பி உள்ள செல்களுக்கு ஒரு தட்டு, இல்லாத செல்களுக்கு ஒரு தட்டு என்று ஊற்றிச் சில நாள் விடுங்கள். முதல் தட்டில் செல்கள் சாக வேண்டும், இரண்டாவதில் சாகக் கூடாது. இரண்டிலும் செத்தால் டோஸ் அதிகம். இரண்டிலும் சாகாவிட்டால் வேறு ஆன்டிபாடி தேடுங்கள். செத்த தட்டைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு இரண்டாவது தட்டை வைக்க மறப்பவர்கள் எண்ணிக்கை குறையவே இல்லை.

ஆன்டிபாடி இல்லாமலும் இதைச் செய்யலாமா?

செய்யலாம். ஏற்பியைத் தேடிப் போகும் பெப்டைடையே முகவரியாக வைக்கலாம். இதில் பெயர்பெற்றது சப்ஸ்டன்ஸ்-பி-சபோரின். 1997-ல் மான்டியும் சகாக்களும் எலியின் தண்டுவடத்தில் இதைச் செலுத்தினார்கள். முதுகுப்புறக் கொம்பின் மேல் அடுக்கில், சப்ஸ்டன்ஸ்-பி என்ற பெப்டைடு தேடிப் போகும் என்கே1 ஏற்பியைச் சுமக்கும் நியூரான்கள் போயின. லேசான வலிக்கு எலிகள் முன்போலவே பதில் காட்டின. கடும் வலிக்கும், காயத்துக்குப் பிறகு பெருகும் மிகைவலிக்கும் மட்டும் பதில் வெகுவாகக் குறைந்தது. வலியை முழுக்க அணைக்காமல் அதன் பெருக்கத்தை மட்டும் குறைக்கலாம் என்ற நம்பிக்கை அதில் பிறந்தது. பின்னர் எலும்புப் புற்றுநோய் வந்த வளர்ப்பு நாய்களிலும் இதைச் சோதித்தார்கள்.

அதே பொருளை மூளைத்தண்டில் ப்ரீ-பாட்சிங்கர் என்ற சிறு பகுதியில் வைத்தபோது எலிகளின் மூச்சு ஒழுங்கு குலைந்தது. அது 2001-ல் வெளியானது. குப்பி ஒன்றுதான். ஊசி இறங்கிய இடம் மாறியதும் வலி ஆய்வு சுவாச ஆய்வாகிவிட்டது.

அப்படியானால் இலக்குத் துல்லியம் என்பது குப்பிக்குள் இல்லையா?

பாதிதான் குப்பிக்குள் இருக்கிறது. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன், ஏனென்றால் கம்பெனி அட்டவணையில் பெயரைப் பார்த்துவிட்டு "இது அசிடைல்கோலின் நியூரானைக் கொல்லும்" என்று எழுதிவிடுகிறோம். 192-ஐஜிஜி-சபோரின் கொல்வது பி75 உள்ள செல்லை. சிறுமூளையின் புர்கின்ஜி செல்களிலும் பி75 இருக்கிறது. அதனால் மூளை அறைக்குள் இருக்கும் திரவத்தில் செலுத்தினால் அவையும் சாகும். எலியின் நடை தள்ளாடும். அதை நினைவிழப்பு என்று எண்ணி நீர்த்தொட்டியில் இறக்கினால், நீந்தத் திணறும் எலியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நேராக முன்மூளை அடிப்பகுதியிலேயே சிறிதளவு வைத்தால் இந்தத் தொல்லை தவிரும்.

விலங்கும் கணக்கில் சேர்த்தி. 192 எலியின் பி75-ஐப் பிடிக்கும், சுண்டெலியின் பி75-ஐப் பிடிக்காது. சுண்டெலிக்கு வேறு ஆன்டிபாடி கொண்ட கூட்டுப்பொருள் தனியாக உண்டு.

டோஸ் மூன்றாவது. செறிவு ஏற ஏற, செல்கள் சுற்றியுள்ள திரவத்தைப் பருகும்போதே சபோரினும் உள்ளே போகத் தொடங்கும். அப்போது முகவரிக்கு வேலையே இல்லை.

கட்டுப்பாட்டு விலங்குகளுக்கு உப்புநீர் கொடுத்தால் போதுமா?

போதாது. ஊசி இறங்கிய காயத்தை மட்டும்தான் உப்புநீர் ஈடுசெய்யும். எதையும் குறிப்பாகப் பிடிக்காத ஆன்டிபாடியோடு சபோரினை இணைத்ததை அதே டோஸில் கொடுங்கள். முகவரி பெப்டைடு என்றால், அர்த்தமில்லாத வரிசையில் அமைந்த பெப்டைடோடு இணைத்த சபோரின். அதில் செல்கள் செத்தால் உங்கள் டோஸை மறுபரிசீலனை செய்ய வேண்டியதுதான்.

செலுத்திய எத்தனை நாளில் விளைவு தெரியும்?

புரதம் தீர்ந்துதான் செல் சாகிறது. ஆகவே நாள் கணக்கு. நடத்தைச் சோதனைக்கு இரண்டு வாரம் விடுவது வழக்கம்.

6-ஹைட்ராக்ஸிடோபமின் பழைய சரக்காயிற்றே, இன்னும் ஏன் விடவில்லை?

மலிவு, வேலை செய்கிறது. உங்கர்ஸ்டெட் 1968-ல் இதை வைத்து எலியின் டோபமின் நியூரான்களை அழித்துக் காட்டினார். டோபமினைப் போலவே தோற்றமளிப்பதால், டோபமினைத் திரும்ப உறிஞ்சும் பம்பே இதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இங்கே முகவரியும் சரக்கும் ஒரே மூலக்கூறுதான். நார்அட்ரினலின் நியூரானின் பம்பும் இதை இழுக்கும் என்பது குறை. அதனால்தான் முன்கூட்டியே டெசிப்ரமின் என்ற மருந்தைக் கொடுத்து அந்தப் பம்பை அடைக்கிறார்கள்.

கையாளும்போது நிறத்தைக் கவனியுங்கள். அஸ்கார்பிக் அமிலம் கலந்த உப்புநீரில் கரைத்து, பனிக்கட்டியில், ஃபாயில் சுற்றி வைப்பது காற்றும் வெளிச்சமும் அதைக் கெடுக்காமலிருக்கத்தான். புதிதாகக் கரைத்தது நிறமற்றிருக்கும். இளஞ்சிவப்பு ஏறினால் கெடத் தொடங்கிவிட்டது, பழுப்பானால் கொட்டிவிடுங்கள். என் முதல் தொகுதியில் கடைசி நான்கு எலிகளுக்கு, மதிய உணவுக்குப் போய்வந்து, ரோஜா நிறத்தில் இருந்ததைத்தான் செலுத்தினேன். நான்கிலும் ஒன்றும் நடக்கவில்லை. எலிதான் சரியில்லை என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

க்ரீ-லாக்ஸ் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பி1 என்ற பாக்டீரியா வைரஸிடமிருந்து கடன் வாங்கிய கத்தரி அது. க்ரீ என்பது நொதி. லாக்ஸ்-பி என்பது அது தேடும் 34 எழுத்து டிஎன்ஏ அடையாளம். இரண்டு அடையாளங்களுக்கு இடையில் உள்ளதை, அவை ஒரே திசையில் நின்றால் வெட்டி எறியும், எதிரெதிராக நின்றால் திருப்பிப்போடும். ஒரு சுண்டெலியில் க்ரீயை ஒரு வகைச் செல்லின் புரொமோட்டருக்குக் கீழே வைக்கிறோம். சரக்கு மரபணுவைத் தலைகீழாக வைரஸில் அனுப்புகிறோம். க்ரீ இருக்கும் செல்லில் மட்டும் அது நிமிர்ந்து படிக்கப்படும்.

புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. க்ரீ ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். அந்தச் செல்லின் வழித்தோன்றல்கள் எல்லாவற்றிலும் அந்த வெட்டு இருக்கும். ஜிஃபேப் என்ற புரதத்தை வளர்ந்த மூளையில் ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்லின் அடையாளம் என்று படித்திருப்பீர்கள். கருவில் நியூரான்களைப் பெற்றெடுக்கும் ஆரக் கிளியாச் செல்களிலும் அதன் புரொமோட்டர் வேலை செய்யும். எனவே ஜிஃபேப்-க்ரீ சுண்டெலியில் ஏராளமான நியூரான்களும் ஒளிரும். டமாக்ஸிஃபென் என்ற மருந்தைக் கொடுத்த பிறகே விழிக்கும் க்ரீ வகையைப் பயன்படுத்தினால், வெட்டு எப்போது நடக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

ஏஏவி வைரஸில் எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது?

ஏஏவி என்பது சரக்கு மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் வைரஸ். அதன் பெயரோடு வரும் எண் மேலுறையின் வகை. எவ்வளவு தூரம் பரவும், எந்தச் செல்லை விரும்பும், நரம்பிழை வழியே பின்னோக்கிப் போகுமா என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. உள்ளே ஏற்றக்கூடிய சரக்கு சுமார் 4,700 எழுத்துகள்தான். பெரிய புரொமோட்டரும் பெரிய மரபணுவும் ஒன்றாகப் போகாது. வெளிப்பாடு நிறைய இரண்டு முதல் நான்கு வாரம் விடுங்கள்.

ஒரு கதை சொல்ல வேண்டும். 2016-ல் பிஎச்பி.பி என்ற மேலுறை வந்தது. ரத்தத்தில் செலுத்தினால் போதும், ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி மூளை முழுக்கப் பரவியது. மண்டையோட்டில் துளைபோடும் வேலையே இல்லை என்று எல்லோரும் கொண்டாடினோம். பால்ப்-சி இனச் சுண்டெலியில் முயன்றவர்களுக்கு வெறுங்கைதான் மிஞ்சியது. குரங்குகளிலும் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அந்த மேலுறை பிடித்துக்கொள்வது ரத்தநாளச் செல்லின் எல்ஒய்6ஏ என்ற புரதத்தை என்று 2019-ல் தெரிந்தது. அது சி57பிஎல்/6 சுண்டெலியில் தாராளம், பால்ப்-சியில் அந்த வடிவில் கிடைப்பதில்லை, குரங்குக்கோ அந்த மரபணுவே கிடையாது. முன்பு 192-க்குச் சொன்னதேதான்: விலங்கு மாறினால் முகவரி செல்லாது.

ஒளியா, மருந்தா? எதைத் தேர்ந்தெடுப்பது?

நொடிக்கணக்கில் நடப்பதைப் பார்க்க ஒளி. மணிக்கணக்கில் நடப்பதற்கு மருந்து.

ஒளியில் முக்கியமானது சேனல்ரொடாப்சின்-2. கிளாமிடோமோனாஸ் பாசியின் புரதம். நீல ஒளி பட்டதும் வாயில் திறந்து நியூரான் சுடும். நியூரான்களில் இதைக் காட்டிய கட்டுரை 2005-ல் வந்தது. ஒளி திசுவைச் சூடாக்கும் என்பதால், சேனல்ரொடாப்சின் இல்லாத விலங்குக்கும் அதே ஒளியைக் காட்டிப் பார்க்க வேண்டும். அடக்கும் கருவிகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. புரோட்டான் பம்பு வகையை ஆக்ஸான் (நியூரானின் செய்தியைக் கொண்டுபோகும் நீண்ட இழை) முனையில் நெடுநேரம் ஒளியூட்டியபோது, அடங்க வேண்டிய முனை தானாகவே கூடுதலாகச் சமிக்ஞை வேதிப்பொருளைக் கொட்டியது.

மருந்தில் முக்கியமானது ட்ரெட் ஏற்பிகள், 2007. இயற்கையான அசிடைல்கோலினுக்குச் செவிசாய்க்காமல் சிஎன்ஓ என்ற பொருளுக்கு மட்டும் விழிக்கும்படி மாற்றப்பட்டவை. 2017-ல் ஒரு குழப்பம் வந்தது: சிஎன்ஓ மூளைக்குள் எளிதில் போவதில்லை, உடலில் க்ளோசபினாக மாறி அதுதான் மூளைக்குள் போய் வேலை செய்கிறது என்று காட்டினார்கள். க்ளோசபின் மனநோய் மருந்து, பல ஏற்பிகளைத் தொடும். எனவே ட்ரெட் இல்லாத விலங்குக்கும் சிஎன்ஓ கொடுத்த குழு இல்லாமல் இந்த ஆய்வை எழுதாதீர்கள்.

ஒரு நியூரானோடு யார் யார் பேசுகிறார்கள் என்று பார்க்கவும் கருவி உண்டா?

உண்டு: முடமாக்கிய ரேபிஸ் வைரஸ், 2007 முதல். அடுத்த செல்லுக்குத் தாவத் தேவையான மேலுறைப் புரதத்தின் மரபணுவை நீக்கிவிட்டு, பறவை வைரஸ் ஒன்றின் உறையைப் போர்த்துவார்கள். பாலூட்டிச் செல்களில் அதற்கான ஏற்பி கிடையாது. நாம் தேர்ந்தெடுத்த செல்லில் மட்டும் ஏற்பியையும் விடுபட்ட புரதத்தையும் கொடுப்போம். வைரஸ் அங்கே நுழைந்து, ஒரே ஒரு இணைப்பு பின்னோக்கித் தாவி நின்றுவிடும். தொற்றிய நியூரான்கள் நாளடைவில் நலிந்துவிடும், ஆகவே ஒரு வாரத்துக்குள் திசுவை எடுத்துவிடுவது வழக்கம்.

செல் செத்துவிட்டது என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். அடையாளச் சாயம் மறைந்தால் செல் செத்ததாக அர்த்தமில்லை. அந்தப் புரதத்தைத் தயாரிப்பதை மட்டும் நிறுத்தியிருக்கலாம். எலியில் ஃபிம்ப்ரியா-ஃபார்னிக்ஸ் இழைக்கட்டை வெட்டினால் செப்டம் பகுதியில் அசிடைல்கோலின் நொதிக்கான சாயம் பெரிதும் காணாமல் போகும். செத்துவிட்டன என்றே தோன்றும். பிறகு நரம்பு வளர்ச்சிக்காரணியைக் கொடுத்தால் பல செல்களில் சாயம் திரும்பி வரும். அவை சுருங்கி மௌனமாக இருந்திருக்கின்றன, அவ்வளவே.

ஆகவே, நச்சைச் செலுத்தும் முன்பே ஃப்ளோரோகோல்டு போன்ற பின்னோக்கிய சாயத்தை இலக்குப் பகுதியில் வைத்து அந்த நியூரான்களுக்குப் பொட்டு வைத்துவிடுங்கள். அது புரதத் தயாரிப்பை நம்பியிருக்கவில்லை. பிறகு சீவல்களில் எண்ணுங்கள். கூடவே, சாகக் கூடாத பக்கத்து வகையையும் எண்ணுங்கள். காபா நியூரான் சாயம் ஒன்று போதும். எண்ணுகிறவருக்கு எந்தச் சீவல் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று தெரியக் கூடாது. ஊசித்தடத்தை ஒட்டி எல்லா வகைச் செல்லும் போயிருந்தால், அது உங்கள் நச்சின் துல்லியமில்லை, ஊசியின் காயம். ஊசியை உடனே உருவாமல் ஐந்து நிமிடமாவது அப்படியே விட்டு எடுத்தால், திரவம் தடத்தின் வழியே மேலேறுவதும் குறையும்.

இவை கையாளுகிறவருக்கு ஆபத்தா?

கையுறை, கண்ணாடி கட்டாயம். மனித ஏற்பியையும் பிடிக்கும் கூட்டுப்பொருள் என்றால் உங்கள் விரலும் ஒரு இலக்குதான். ஊசிக்கு மூடி போட முயன்று குத்திக்கொள்ளாதீர்கள். எம்பிடிபி என்ற நச்சு வேறு ரகம், அது மனிதருக்கே பார்கின்சன் நிலையைக் கொண்டுவரும். 1982-ல் கலிஃபோர்னியாவில் கலப்படப் போதைப்பொருள் ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் உடல் அசைக்க முடியாமல் உறைந்துபோனதிலிருந்துதான் அது ஆய்வகத்துக்கே வந்தது. தனிப் பயிற்சி இல்லாமல் தொடாதீர்கள்.

மீந்த சபோரின் குப்பியை மறுபடி உறையவைக்கலாமா?

வேண்டாம். வந்த அன்றே ஒரு நாள் தேவைக்கேற்பச் சிறு குழாய்களில் பிரித்து உறையவையுங்கள். குழாயில் தேதியோடு தொகுதி எண்ணையும் எழுதுங்கள். தொகுதி மாறினால் வீரியமும் மாறலாம், டோஸை மறுபடி இரண்டு விலங்கிலாவது பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.